"உங்க பயம்தான் அவரைக் கொண்டுபோச்சு" என்றார்கள்: குவாண்டம் வகுப்பில் என் பத்தொன்பது மாதம்

2022 ஜனவரியில் என் கணவர் போய்விட்டார். வயது 47. காலையில் பால் வாங்கப் போனவர் கடை வாசலிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆகி, சொந்தக்காரர்கள் ஊர் திரும்பி, மகனும் கோவையில் விடுதிக்குப் போனபிறகு ஈரோட்டு வீட்டில் நான் மட்டும்தான். பகலில் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. ராத்திரியில் தூக்கம் கிடையாது. அப்போது எனக்கு நடந்ததை முன்கூட்டியே யாராவது சொல்லி எச்சரித்திருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் பணமும், அதைவிடப் பெரிய ஒரு வேதனையும் எனக்கு மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த ஆகஸ்டில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் ஒரு பேச்சு ஓடியது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அமைதியான குரலில் பேசினார். "ஒருமுறை பிணைந்த இரண்டு துகள்கள், பிரபஞ்சத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனாலும் பிணைந்தேதான் இருக்கும். உங்களை விட்டுப் போனவரும் அப்படித்தான். இதை நான் சொல்லவில்லை, குவாண்டம் இயற்பியல் சொல்கிறது." ஏழு மாதமாக எல்லோரும் என்னிடம் சொன்னது "மனசைத் தேத்திக்க" என்பது மட்டும்தான். இந்த மனிதர், அவர் இன்னும் என்னோடு இருக்கிறார் என்றார். அதற்கு, அணுவையும் எலெக்ட்ரானையும் ஆராய்கிற அந்த அறிவியலைச் சாட்சியாகவும் வைத்தார். படுக்கையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். காலையில் 99 ரூபாய் கட்டி அவருடைய ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறியது. முதல் நிலைப் பயிற்சி 7,500 ரூபாய். அந்தச் சமயம் பார்த்து, அக்டோபர் 4 அன்று, இயற்பியல் நோபல் பரிசு ஆலன் ஆஸ்பெ, ஜான் கிளவுசர், ஆன்டன் ஸைலிங்கர் மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. பிணைந்த துகள்களைப் பற்றிய சோதனைகளுக்கான பரிசு அது. மறுநாள் வகுப்பில் அந்தச் செய்தியைத் திரையில் காட்டி, "நாம் சொல்லிக்கொடுப்பதற்கே நோபல் கொடுத்துவிட்டார்கள்" என்றார் பயிற்சியாளர். எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அன்றோடு போனது. இரண்டாம் நிலைக்கு 28,000 ரூபாய் கட்டினேன். அதிர்வைச் சரிசெய்யும் குவாண்டம் பதக்கம் என்று கழுத்தில் போட ஒரு கருப்பு வில்லை, 12,000 ரூபாய். பில் கேட்டதற்கு "ஆற்றலுக்கு எதற்கு அம்மா பில்" என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். தினமும் அடுத்தவர் கணக்கை ரூபாய் சுத்தமாகப் பார்க்கிற எனக்கு அந்த இடத்திலேயே உறைத்திருக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும்போது நமக்குத் தெரிந்த தொழில்கூடக் கைகொடுக்காது என்பதை அப்போது நான் அறியவில்லை. அதனால் ஒன்று சொல்கிறேன்: வீட்டில் சாவு விழுந்து ஒரு வருடம் ஆகும்வரை, எதற்காக இருந்தாலும் பெரிய தொகையைத் தனியாக முடிவு செய்து கட்டாதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். நான் மகனிடம்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் யாரும் என்னைத் தடுக்க முடியவில்லை.

அப்புறம் ஒரு கருவி வந்தது. கையில் ஓர் உலோகக் கம்பியைப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் முப்பது நாற்பது பக்கத்துக்கு உடல் அறிக்கை தரும். ஈரல், கணையம், எலும்பு, ஹார்மோன் எல்லாவற்றுக்கும் ஓர் எண் இருக்கும். கட்டணம் 1,500 ரூபாய். அதைப் பார்த்துவிட்டு 6,400 ரூபாய்க்குச் சத்து மாவும் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். எனக்குப் பத்து வருடமாகத் தைராய்டு உண்டு, தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை. "உங்கள் செல்லே சரியாகிக்கொண்டு வருகிறது, மாத்திரை அதைத் தடுக்கிறது" என்றார்கள். நிறுத்தினேன். மூன்று மாதத்தில் முகம் வீங்கி, குரல் கட்டி, நாற்காலியிலேயே தூங்கி விழுந்தேன். ரத்தத்தைப் பரிசோதித்தபோது, தைராய்டு குறையக் குறைய ஏறுகிற டி.எஸ்.எச். என்ற அளவு 38-க்கு ஏறியிருந்தது. இது நடந்தும் நான் வெளியே வரவில்லை. "பழைய உடல் கழிகிறது, அப்படித்தான் இருக்கும்" என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்டேன். ஆனால் மாத்திரையை மட்டும் டாக்டருக்குப் பயந்து மறுபடி தொடங்கினேன். பிற்பாடு, தெளிந்த பிறகு, அதே கருவியில் போய் இருமுறை சோதித்தேன். முதலில் வயது 43 என்று கொடுத்தேன், அரைமணி கழித்து வேறு பெயரில் 70 என்று கொடுத்தேன். கை அதே கைதான். இரண்டாவது அறிக்கையில் எலும்பும் இதயமும் கிழவிக்கானதாக மாறியிருந்தன. யாராவது உங்கள் மாத்திரையில் கைவைத்தால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். நீரிழிவு, புற்றுநோய் போன்ற நோய்களைத் தாயத்து, மந்திரம் என்று எதைச் சொல்லியும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-லேயே ஒரு சட்டம் போட்டு நம் நாட்டில் தடுத்திருக்கிறார்கள்.

2023 நவம்பரில் மூன்று நாள் முகாம் நடந்தது. 48,000 ரூபாய்க்காக இரண்டு வளையல்களை அடகு வைத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அவரவர் துக்கத்தைச் சொல்லச் சொன்னார்கள். நான் கணவரைப் பற்றிச் சொன்னேன். அவர் சிகரெட்டை விடவே இல்லை, அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கல்யாணமான நாளிலிருந்து பயந்துகொண்டே இருந்தேன் என்றும் சொன்னேன். பயிற்சியாளர் கண்ணை மூடிக் கொஞ்சநேரம் இருந்துவிட்டு, கனிவான குரலில்தான் சொன்னார்: "எல்லாச் சாத்தியங்களும் அலையாக இருந்தன. நீங்கள் பயத்தோடு கவனித்தீர்கள். உங்கள் கவனிப்பு ஒரு சாத்தியத்தை நிஜமாக்கியது. உங்க பயம்தான் அவரைக் கொண்டுபோச்சு. அதை ஏற்றுக்கொண்டால் விடுதலை." நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

அந்த ஒரு வாக்கியத்தோடு நான்கு மாதம் வாழ்ந்தேன். கணவருடைய போட்டோவை நேராகப் பார்க்க முடியாமல் போனது. மகன் பைக்கில் கிளம்பினால், "ஐயோ, பத்திரமாகப் போகணுமே" என்று ஒரு தாய்க்கு இயல்பாக வருகிற நினைப்பைக்கூடப் பயந்து பயந்து அழிப்பேன். நான் நினைத்தால் நடந்துவிடுமே! சமையல் செய்யும்போது, குளிக்கும்போது, பேருந்தில், எங்கேயும் என் மனதை நானே காவல் காத்துக்கொண்டு இருந்தேன். எண்ணமே நிஜத்தை உருவாக்குகிறது என்ற பேச்சு நல்லது நடக்கும்போது இனிப்பாக இருக்கும். அதையே ஒரு சாவின் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று எந்த விளம்பரத்திலும் வராது. பணம் போனதையோ உடம்பு கெட்டதையோவிட இந்த நான்கு மாதத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

2024 மார்ச்சில் என் கொழுந்தனார் மகள் ஒரு வாரம் வந்து தங்கினாள். திருச்சியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். நான் மகனுக்குப் போன் செய்துவிட்டு உடனே கண்ணை மூடி எதையோ முணுமுணுப்பதைப் பார்த்து, என்ன என்று கேட்டாள். எப்படியோ அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரியம்மா, கவனிக்கறதுன்னா அங்கே கண்ணால பாக்கறது இல்லைங்க. அந்தச் சோதனை நடக்கற லேப்ல ராத்திரி ஆளே இருக்காதுங்க. கருவி பாட்டுக்கு ஓடும். காலையில வந்துதான் பாப்பாங்க. அப்பவும் திரையில விழற கோடு மாறித்தான் இருக்கும்" என்றாள்.

அந்த ஒரு வாரம் அவள் சொல்லிக்கொடுத்ததை என் மொழியில் எழுதுகிறேன். பிசகு இருக்கக் கூடாது என்று இதை அவளிடமே காட்டித் திருத்திக்கொண்டேன். இரண்டு மெல்லிய பிளவுகள் உள்ள தடுப்பின் வழியாக எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், பின்னால் இருக்கும் திரையில் அலைபோலப் பட்டைப் பட்டையாக விழுகின்றன. எந்தப் பிளவு வழியாகப் போனது என்று தெரிந்துகொள்ள ஏற்பாடு செய்தால் பட்டைகள் மறைகின்றன. இதைத்தான் வகுப்பில், "நீங்கள் பார்த்தால் அணு மாறுகிறது" என்று சொன்னார்கள். ஆனால் எந்த வழியில் போனது என்று தெரிய வேண்டுமானால், எலெக்ட்ரானோடு ஏதாவது ஒன்று உரச வேண்டும், அதன் தடம் எங்காவது பதிய வேண்டும். தடம் பதிந்தாலே போதும், அதை மனிதர் யாரும் படிக்க வேண்டியதில்லை. வியன்னாவில் 2004-இல் 70 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மூலக்கூறுகளைச் சூடேற்றச் சூடேற்ற அவை தாமாகவே ஒளியை உமிழ்ந்து, தாம் இருக்கும் இடத்தைச் சுற்றுப்புறத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. பட்டைகள் மங்கி மறைகின்றன. அங்கே யாருடைய ஆசையும் இல்லை, பயமும் இல்லை. வெறும் சூடுதான்.

ஒருநாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பத்திரிகைக் கடையில் வாங்கிய சின்ன சிவப்பு லேசர் முன்னால் என் தலைமுடி ஒன்றை ஒட்டி எதிர்ச் சுவரில் காட்டினாள். (லேசரைக் கண்ணுக்கு நேராக மட்டும் காட்டிவிடாதீர்கள்.) ஒரு புள்ளி விழ வேண்டிய சுவரில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றாகச் சிவப்புத் துண்டுகள் வரிசையாக நின்றன. இடைவெளியை ஸ்கேலால் அளந்து, கணக்குப் போட்டு, என் முடியின் தடிமன் 0.07 மில்லிமீட்டர் என்றாள். "இது பாதிச் சோதனைதானுங்க பெரியம்மா, ஒளி அலைன்னு மட்டுந்தான் இது காட்டும்" என்று அவளே சொல்லிவிட்டு, போனை ஸ்டாண்டில் வைத்துப் படமெடுக்கச் சொன்னாள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, மறையட்டும் என்று முழு மனதோடு நினைத்தோம். படத்தில் ஒரு துண்டுகூட நகரவில்லை. அந்தச் சுவர் என் நினைப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது.

பிணைப்பைப் பற்றி அவளிடம் கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசி நாள் கேட்டேன். பிணைந்த துகள்கள் உண்மை, நோபல் பரிசும் உண்மை. ஒன்றை இங்கே அளந்தால் வரும் விடைக்கும், மற்றொன்றை எவ்வளவு தூரத்தில் அளந்தாலும் வரும் விடைக்கும் உறவு உண்டு. 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல் எழுதிய கணிதம் அந்த உறவைச் சாதாரண காரணங்களால் விளக்க முடியாது என்று காட்டியது. ஆனால் இந்தப் பக்கம் நிற்பவருக்கு வருவது பூவா தலையா மாதிரி தாறுமாறான விடைகள்தான். இரண்டு பட்டியலையும் போன் போட்டோ கடிதம் எழுதியோ ஒப்பிட்டால்தான் உறவு தெரியும். அதன் வழியாக ஒரு சேதியைக்கூட அனுப்ப முடியாது. மேலும் அது மிகவும் எளிதில் கலைந்துபோவது. குவாண்டம் கணினிகள் பலவற்றில், அதைக் கொஞ்ச நேரம் காப்பாற்றுவதற்கே உள்ளே இருக்கும் சில்லை (சிப்) கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி வரை குளிர வைக்கிறார்கள். நம் உடம்போ 37 டிகிரி. சொல்லி முடித்துவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கணவரை இரண்டாவது முறையாக அன்று இழந்தேன். இந்த இழப்பு வரும் என்று தெரிந்துதான் இத்தனை நாள் அவளிடம் கேட்காமல் இருந்தேன். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல யாராவது இருந்தால், அந்த வலி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வந்து போனபிறகுதான் எனக்குச் சரியான அழுகை வந்தது, அழுத பிறகு தூக்கமும் வந்தது.

வகுப்பில் பெரிய பெரிய பெயர்களாகச் சொல்வார்கள். குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தை மதித்தது உண்மைதான். ஆனால் அந்த நம்பிக்கையை அவர் கட்டுரையாக எழுதியது 1925-இல், அவருடைய புகழ்பெற்ற சமன்பாடு வெளிவருவதற்கு முன். சமன்பாட்டிலிருந்து வேதாந்தம் வரவில்லை. இயற்பியலாளர் யூஜின் விக்னர் 1961-இல், அளவீட்டை முடித்து வைப்பது, அதாவது பல சாத்தியங்களில் ஒன்றை விடையாக்குவது, மனித உணர்வே என்று வாதாடியதும் உண்மை. பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டார் என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸும் மயக்க மருந்து டாக்டர் ஸ்டூவர்ட் ஹேமராஃபும் மூளை செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் குவாண்டம் நிகழ்வு நடக்கிறது, உணர்வு அதிலிருந்து வருகிறது என்கிறார்கள். இன்னோர் இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் 2000-இல் கணக்குப் போட்டு, மூளையின் சூட்டில் அப்படிப்பட்ட நிலை ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்குக்குமேல் தாங்காது என்றார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. உணர்வு என்றால் என்ன, சதையும் உப்புநீருமான மூளைக்குள் "நான்" என்ற ஒன்று எப்படி விழிக்கிறது என்பது இன்றைக்கும் யாருக்கும் பிடிபடாத கேள்விதான். அந்தக் கேள்வி எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்லி விலை போடுகிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வகுப்பில் "குவாண்டம்" என்று வருகிற இடத்திலெல்லாம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு "மந்திரம்" என்று போட்டுப் பாருங்கள். வாக்கியத்தின் பொருள் கொஞ்சமும் மாறவில்லை என்றால் அதில் இயற்பியல் இல்லை.

ஒரு சந்தேகம் எனக்கும் இருந்தது: இதையெல்லாம் விட்டால் சாமியையும் விட வேண்டுமா? வேண்டியதில்லை என்று தோன்றியது. முகாமில் மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் வரும் திருவண்டப் பகுதியைக் காட்டி, அவருக்கு அப்போதே அணு அறிவியல் தெரியும் என்றார்கள். வீட்டில் நிதானமாக எடுத்துப் படித்தேன். கூரை வழியே வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கிற தூசியைத்தான் "இன்னுழை கதிரின் துன்னணு" என்கிறார். இறைவனின் பெரிய உருவத்துக்கு முன்னால் அத்தனை அண்டங்களும் அந்தத் தூசி மாதிரி என்கிறார். எங்கள் பழைய ஓட்டு வீட்டில் அந்தக் கீற்றைக் கையில் பிடிக்கப் பார்த்தவள் நான். அந்தப் பாட்டுக்கு எந்த ஆய்வகச் சான்றிதழும் வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் ரமணர் "நான் யார்" என்று கேட்கச் சொன்னபோதும் எலெக்ட்ரானைத் துணைக்குக் கூப்பிடவில்லை, காசும் கேட்கவில்லை. இப்போது காலையில் இருபது நிமிடம் சும்மா உட்காருகிறேன், செவ்வாய்க்கிழமை சென்னிமலைப் படி ஏறுகிறேன். ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் 2004-இல் இந்திய அரசு கொடுத்த நடராஜர் சிலை நிற்கிறது என்று கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பவர்கள் துகளை அளப்பது சிலையை வைத்து அல்ல என்பதும் இப்போது தெரியும்.

பணக் கணக்கு இதுதான். அடுத்த கட்டமான பயிற்சியாளர் படிப்புக்குக் கொடுத்திருந்த 25,000 ரூபாய் முன்பணத்தையும் சேர்த்து மொத்தம் 1,28,499 ரூபாய். நகைக்கடன் வட்டி தனி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசி, அவர்கள் சொன்னபடி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். முன்பணம் மட்டும் ஆறு வாரத்தில் திரும்பி வந்தது, அதற்கு ரசீது இருந்ததால். பில் வாங்காத பதக்கத்துக்கு ஒரு பைசா வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. எனவே எதற்குக் கட்டினாலும் வங்கி வழியாகக் கட்டுங்கள். பணம் திரும்பத் தரும் நிபந்தனையை எழுத்தில் கேளுங்கள். "இன்று ராத்திரி பன்னிரண்டு மணிவரைதான் இந்த விலை" என்றால் அந்தப் பன்னிரண்டு மணி தாண்டும்வரை போனைத் தொடாதீர்கள். பதக்கம் பற்றி இன்னொன்று: இதுபோன்ற "ஆற்றல்" பதக்கங்கள், காப்புகள் சிலவற்றிலிருந்து நிஜமாகவே கதிரியக்கம் வருவதாக 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பத்துப் பொருள்களைக் குறிப்பிட்டு எச்சரித்தது, தொடர்ந்து அணிந்தால் தோல் பாதிக்கலாம் என்றது. நான் ராத்திரி பகலாக ஒரு வருடம் மார்போடு அணிந்திருந்தேன். செய்தியைப் படித்த அன்றே கழற்றி ஒரு டின்னில் போட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன்.

கடைசியாக, கணவரைப் பார்த்த இதய டாக்டரிடம் போய், வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பழைய அறிக்கையை எடுத்து வைத்து, "இந்த அடைப்பு பத்துப் பதினைந்து வருசமா உள்ளே சேர்ந்ததுங்க. சிகரெட், சர்க்கரை, அவங்க அப்பாவுக்கும் இதே நோய். நீங்க பயந்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை கேட்டபோதுதான் அது என் காதில் ஏறியது.

2025-ஐ ஐ.நா. சபை குவாண்டம் அறிவியல் ஆண்டாக அறிவித்ததும், போனைத் திறந்தாலே இந்த வகுப்புகளின் விளம்பரம் முன்னைவிட அதிகமாக வரத் தொடங்கியது. அப்போதுதான் முகாமில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கரூர்க்காரர் நினைவுக்கு வந்தார். பள்ளிக்கூடப் பையன் ஆற்றில் போய்விட்டான் அவருக்கு. அவரிடமும் அதே வட்டத்தில் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். லேசர், முடி, சுவர், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் ஒரு மணிநேரம் சொன்னேன். முடித்ததும், "அப்ப, நான் நெனச்சதால இல்லைங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் தன்னிடம் இருக்கிற ரசீதுகளையெல்லாம் எடுத்து வைப்பதாகச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்கு வருகிறார். அவருக்கான கடிதத்தை உட்கார்ந்து எழுதப் போகிறோம்.